நாலு வருடம் அடிமுறை படித்தவன் ஏன் கை தூக்காமல் நின்றான்?

வேளிமலை:

மக்களே, யாரையும் சிறுமைப்படுத்த இதை எழுதவில்லை. என் அக்கா மகனுக்கு 19 வயது. திருவட்டார் பக்கம் ஓர் ஆசானிடம் நாலு வருடம் அடிமுறை, அதாவது நம் குமரிப் பக்கத்துப் பழைய சண்டைக் கலை, படித்தான். விடியற்காலம் ரப்பர் வெட்டுகிறவர்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போகும் நேரத்திலேயே இவன் தென்னந்தோப்பில் சுவடு என்ற கால்வைப்புப் பாடத்தைப் பழகிக்கொண்டிருப்பான். அவன் ஒற்றைச்சுவடு போடுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவு சுத்தம். போன மாதம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் வண்டி நிறுத்துவதில் ஒருவனோடு வாய்த்தகராறு. அவன் இவன் சட்டையைப் பிடித்துத் தள்ளி முகத்தில் ஒரு குத்து விட்டான். இவன் தடுக்கவில்லை, விலகவில்லை, கையையே தூக்கவில்லை. உதட்டில் ரெண்டு தையல். "மாமா, ஆசான் சொல்லித் தந்த மாதிரி அவன் வரல்ல" என்றான். அந்த ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை.

நான் நாகர்கோவிலில் ஏழு வருடம் குத்துச்சண்டை பழகியவன். நாலு வருடத்தில் ஒருநாள்கூட, தன்னை நிஜமாகவே அடிக்க நினைக்கிற ஒருவன் முன்னால் அவன் நின்றதில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எதிரே நிற்பவன் இடது காலை வைத்து வலது கையை வீசுவான், இவன் தடுத்துப் பூட்டுப் போடுவான், அவன் விழுந்து கொடுப்பான். ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882-ல் ஜூடோவைத் தொடங்கியபோது பழைய ஜுஜுத்சுவில் இருந்த ஆபத்தான அடிகளையும் சில முறிப்புகளையும் திறந்த பயிற்சியிலிருந்து தள்ளிவைத்தார். மிச்சம் இருந்ததை முழு பலத்தோடு, எதிர்க்கிற ஆள் மேலேயே தினமும் பழகலாம் என்று ஆனது. அதில்தான் ஜூடோ வலுத்தது. நம் ஊரில் அபாயமான அடி என்று பெருமை பேசியே அதை ஒருநாளும் சோதிக்காமல் வைத்திருக்கிறோம்.

ஒற்றைச்சுவடு:

வேளிமலை அண்ணாச்சி, பையனுக்கு உதடு கிழிந்தது வருத்தம்தான். ஆனால் நாலு வருடம் என்பது எங்கள் கணக்கில் வாசல்படி. நான் 18 வருடம் ஒரே ஆசானிடம் இருந்தேன், அதில் முதல் மூன்று வருடம் ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு, விழுந்து எழும் பழக்கம், குறுவடி என்ற குட்டைக் கம்பு, இவ்வளவுதான். அப்புறம்தான் கைப்போர். ஆசான் பேசிக்கொண்டே நடக்கும்போது திடீரென்று கழுத்துக்குக் கை வீசுவார், தடுக்கவில்லை என்றால் விழும், ஒரு வாரம் வலிக்கும். சொல்லிவிட்டு அடிக்கிற அடி அங்கே இல்லை. அது சோதனை இல்லை என்றால் வேறு எது?

குத்துச்சண்டையையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கையுறையும் பட்டையும் கட்டிப் பழகியவன் வெறுங்கையோடு மண்டை எலும்பில் குத்தினால் சுண்டுவிரல் பக்கத்து எலும்புதான் முதலில் ஒடியும், அந்த முறிவுக்கு மருத்துவர்கள் குத்துச்சண்டைக்காரனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நாங்கள் உள்ளங்கை, முழங்கை, முன்கை எலும்பு என்று பழகுவது அதனால்தான். கடைசியாக, வர்மம், அதாவது அடிபட்டால் ஆளை வீழ்த்தும் உடம்புப் புள்ளிகள், 108, அதில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, தொடுவர்மம் 96. இதை அடக்கம் தெரிந்தவனுக்கு, அடிபட்டவனை எழுப்பவும் தெரிந்தவனுக்கு மட்டும்தான் ஆசான் திறப்பார். அதை வைத்துத் திறந்த சண்டை பழக முடியாது, பழகவும் கூடாது. அகத்தியர் வழி என்று நாங்கள் சொல்வது வெறும் பெருமைக்கு அல்ல. 1956 நவம்பர் 1-ல் கோடு கிழித்து நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது, ஆனால் கேரளப் பக்கம் நெய்யாற்றின்கரையிலும் இந்தப் பக்கம் விளவங்கோட்டிலும் ஆசான் என்ற சொல்லும் சுவடும் மாறவில்லை. எத்தனையோ தலைமுறை காத்ததை ஒரு கொடைச் சண்டையை வைத்து எடைபோட வேண்டாம்.

வேளிமலை:

ஒற்றைச்சுவடு, உங்கள் ஆசான் நடக்கும்போது கை வீசினார் என்றீர்கள் பாருங்கள், நான் கேட்பதும் அதுதான்! அந்தப் பழக்கம் இப்போது எத்தனை பயிற்சிக் களரியில் இருக்கிறது? என் மருமகன் போன இடத்தில் இல்லை. ஆண்டு விழாவில் சுவடு, தீப்பந்தம், ஓடு உடைத்தல், அவ்வளவுதான்.

"பழகவே முடியாத அளவுக்கு அபாயம்" என்ற பேச்சு சீனாவிலும் இருந்தது. 2017 ஏப்ரலில் சூ சியாவோடோங் என்ற கலப்புச் சண்டை வீரர் தை சி ஆசிரியர் ஒருவரோடு இறங்கினார், அரை நிமிடம்கூட ஆகவில்லை, ஆசிரியர் கீழே கிடந்தார். அந்த ஆசிரியர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தன் கை வேலை செய்யும் என்று அவர் முழுமனதாக நம்பியிருப்பார். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம், ஏனென்றால் அதே நம்பிக்கையோடு நம் பிள்ளைகள் கத்தி வைத்திருப்பவன் முன்னால் போய் நிற்கக்கூடும்.

திங்கள்சந்தை:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் மகள் ஆறாம் வகுப்பு, சிலம்பம் படிக்கிறாள். எதிரி இல்லாமல் பழகுவது நம் மரபு என்று இரண்டு பேருமே பேசுவதுபோல் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். சிலம்பப் போட்டியில் தலைக்கவசம் போட்டு இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நிற்பார்கள், கம்பு உடம்பில் தொட்டால் புள்ளி. தொடவிடாமல் தடுக்க வேண்டும், அதே நேரம் தொடவும் வேண்டும், யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். முதல் போட்டியில் என் மகள் அழுதுகொண்டே இறங்கினாள், மூன்றாவது போட்டியில் அழவில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இருந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆகவே எதிர்த்து நிற்கும் பயிற்சிக்கு ஜப்பான் வரை போக வேண்டாம், கம்பு கையில் இருக்கும்போது நாமே செய்கிறோம். வெறுங்கைக்கு மட்டும் ஏன் நிறுத்தினோம் என்று கேளுங்கள்.

முட்டம்காரி:

அண்ணன்மார் இரண்டு பேரும் எழுதியதைப் படித்தேன். எல்லாம் இரண்டு ஆண்கள் நேருக்கு நேர் நிற்கிற கதை. நான் மார்த்தாண்டத்தில் வேலை முடித்து இரவு பஸ்ஸில் திரும்புகிறவள். எனக்கு நேர்வது அது அல்ல. நெரிசலில் பின்னாலிருந்து ஒரு கை வரும். அல்லது தெரிந்த ஆள், சொந்தக்கார ஆள், "ஏன் தங்கச்சி பேச மாட்டேங்கற" என்று மணிக்கட்டைப் பிடிப்பான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பாருங்கள், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவனே. தெரிந்தவன் மேல் கை ஓங்க மனசு முதலில் மறுக்கும். அதற்கு எந்தச் சுவடு இருக்கிறது?

கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 மாணவிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2015-ல் வெளியானது. ஒரு பாதிக்கு 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள், மறு பாதிக்கு வெறும் துண்டறிக்கைகள். ஒரு வருடத்தில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் துண்டறிக்கைக் குழுவில் 9.8 சதவீதம், பயிற்சிக் குழுவில் 5.2 சதவீதம். அந்த 12 மணி நேரத்தில் உடல் தற்காப்பு ஒரு பகுதிதான். மற்றது, இந்த ஆள் அத்து மீறுகிறான் என்று சீக்கிரம் கண்டுகொள்வது, தெரிந்தவனிடம் "கையை எடு" என்று சத்தமாகச் சொல்ல மனசைப் பழக்குவது. எனக்கு ஒருமுறை உதவியதும் என் குரல்தான். நான் கத்தியதும் கண்டக்டர் விளக்கைப் போட்டார், அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினான். அதற்கு முந்தைய இரண்டு தடவை எனக்குச் சத்தமே வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் அந்தப் பையன் கை தூக்காமல் நின்றது எனக்கு நன்றாகவே புரிகிறது, அவனைத் திட்டாதீர்கள்.

ஒற்றைச்சுவடு:

தங்கச்சி, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் எதிர்ச்சொல் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பிடித்த கையை விடுவிக்க எங்களிடம் 'பிரிவு' என்றே தனிப் பாடம் உண்டு. மணிக்கட்டைப் பிடித்தால் அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேரும் வாய்தான் பலவீனம், அந்தப் பக்கம் முழங்கையை மடக்கி உடம்போடு திரும்ப வேண்டும், கையை மட்டும் இழுத்தால் வராது. பத்து வயதுப் பெண்பிள்ளை பெரியவன் பிடியிலிருந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

முட்டம்காரி:

அந்தப் பெரியவன் விடக்கூடாது என்று நினைத்துப் பிடித்தானா, விட்டுக்கொடுக்கப் பிடித்தானா அண்ணா?

குழித்துறைப் பாலம்:

நான் ஒரு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன், அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன். வர்மப் புள்ளிகள் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டேன். பல இடங்களில் கீழே நரம்போ பெரிய ரத்தக்குழாயோ எலும்பின் மெல்லிய பகுதியோ நிஜமாகவே இருக்கிறது. நெஞ்சில் அடி விழும் நேரம் இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் அமைந்துவிட்டால், அதுவும் நொடியில் நூறில் சில பங்கு நேரம்தான், நல்ல இதயம்கூடத் தாளம் தவறி நின்றுவிடும். பந்து பட்டு விளையாட்டுப் பிள்ளைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். ஆனால் அது யாரும் குறிவைத்து அடிக்க முடிகிற கணம் அல்ல. அசைகிற ஆளின் மேல், பயத்தில் கை நடுங்கும்போது, ஒரு விரல் அகலப் புள்ளியைத் தொடுவது தனித் திறமை. படபடப்பில் முதலில் கைவிட்டுப் போவது விரலின் நுணுக்க வேலைதான். உள்ளங்கையால் முகத்தில் தள்ளிவிட்டு ஓடுவது அப்போதும் வரும்.

என் பெரிய கவலை வேறு. தலையில் அடிபட்டு மயங்கியவனை அடங்கல் போட்டு, அதாவது சில வர்மப் புள்ளிகளைத் தூண்டி, எழுப்பிவிட்டோம் என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். மண்டைக்குள் ரத்தக்கசிவு இருந்தால் எழுந்து பேசுவான், சாப்பிடக்கூடச் செய்வான், சில மணி நேரத்தில் மறுபடி சாய்வான். தலைவலி கூடுகிறது, வாந்தி, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகத் தெரிகிறது என்றால் அடங்கலுக்குக் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

ஒற்றைச்சுவடு:

இது எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது, ஆனாலும் ஏற்கிறேன். அடங்கலில் எழுந்தவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன், அதை விட மாட்டேன். தலையில் அடி என்றால் அடங்கலோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்கு என்பதை மட்டும் இனி என் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வேன்.

பத்மநாபபுரம்:

நீதிமன்றத்தில் தினமும் நிற்கிறவன் என்ற முறையில் சுருக்கமாக. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. உங்கள் உடம்பைக் காக்க மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிறவர் உடம்பைக் காக்கவும் உரிமை உண்டு. ஆனால் 37-வது பிரிவைப் படியுங்கள், காக்கத் தேவையான அளவுக்கு மேல் காயம் செய்யக் கூடாது, காவல்துறை உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. அவன் தள்ளிவிட்டுத் திரும்பி நடக்கிறான், நீங்கள் பின்னால் போய் முழங்கையால் கொடுத்தால் குற்றவாளி நீங்கள்தான். கொடை இடத்தில் அந்தப் பையன் திருப்பி அடிக்காதது, சட்டத்தின் கண்ணில் அவனுக்கு நல்லதாகவே முடிந்தது.

வேளிமலை:

வக்கீலண்ணே, திருப்பி அடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கை தூக்கி முகத்தை மறைத்து இரண்டடி பின்னால் போயிருந்தால்கூட எனக்கு நிம்மதி. அதற்குக்கூட உடம்பு பழகியிருக்க வேண்டுமே! குத்துச்சண்டைக் கூடத்தில் எனக்கு முதல் ஆறு மாதம் கிடைத்தது அந்த ஒன்றுதான், முகத்தை நோக்கி ஒன்று வரும்போது கண்ணை மூடாமல் இருப்பது. அது அழகான பாடம் இல்லை, யாரும் மேடையில் காட்ட மாட்டார்கள்.

ஒற்றைச்சுவடு:

முட்டம்காரி தங்கச்சி கேட்டதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று பிள்ளைகளை நிறுத்தி, "இன்றைக்கு யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது, பிடித்தால் பிடித்ததுதான்" என்றேன். பதினொரு பிள்ளைகளில் நான்கு பேரால்தான் மணிக்கட்டைப் பிரிக்க முடிந்தது. மூன்று வருடமாக அவர்களுக்கு நான்தான் சொல்லித் தருகிறேன். வராதவர்களில் இரண்டு பேர் சுவட்டில் என் முதல் பிள்ளைகள். நான் மறைக்கவில்லை, இங்கேயே எழுதுகிறேன்.

அதற்காகச் சுவட்டைக் கைவிட மாட்டேன் அண்ணாச்சி. அந்த நாலு பேருக்கு வந்தது இடுப்பு திரும்பியதால், இடுப்பு திரும்பியது சுவட்டால். வர்மத்தையும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் திறக்க மாட்டேன், அதில் மாற்றமில்லை. ஞாயிறுதோறும் கடைசி அரை மணி நேரம், பல் காப்பு போட்டு, திறந்த கையால், தோளும் நெஞ்சும் மட்டும் குறி என்று வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். முகத்துக்கு இப்போதைக்கு வேண்டாம்.

வேளிமலை:

முகம் இல்லை என்றால் கை கீழேயே நிற்கப் பழகிவிடும், என் மருமகனுக்கு நடந்ததும் அதுதான். முகத்துக்கு மெதுவாக, கால்பங்கு பலத்தில் வையுங்கள். தலைக்கவசம் மூன்று என்னிடம் சும்மா கிடக்கிறது, நானே கொண்டுவருகிறேன். அவனையும் கூட்டிவருகிறேன், வர மாட்டேன் என்கிறான், பேசிப் பார்க்கிறேன்.

முட்டம்காரி:

பெண்பிள்ளைகள் எத்தனை பேர் அண்ணா உங்கள் களரியில்? அவர்களை ஆண்பிள்ளைகள் பிடிப்பார்களா, இல்லை பெண்பிள்ளைகளே ஒருவரை ஒருவர் பிடிப்பதா?

ஒற்றைச்சுவடு:

மூன்று பேர். இதுவரை அவர்களுக்குள்ளேயேதான். வீட்டில் கேட்டு, அவர்களையும் கேட்டு, சம்மதம் என்றால் மாற்றுகிறேன். நீங்களும் ஒரு ஞாயிறு வந்து அந்தக் கத்துகிற பாடத்தைச் சொல்லிக்கொடுங்கள் தங்கச்சி, அது எனக்குச் சொல்லித் தரத் தெரியாது.