மொரிஷியஸ் வந்திறங்கியவர்களுக்கு: "நீங்கள் இந்துவா, தமிழரா?"

வந்த முதல் மாதம் காத்ர் போர்ன் என்ற ஊரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்காரம்மா கேட்ட முதல் கேள்வி: "நீங்கள் இந்துவா, தமிழரா?" இரண்டும்தான் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களிடமும் கேட்பார்கள், முகம் சுளிக்காதீர்கள். இங்கே பேச்சுவழக்கில் 'இந்து' என்றால் பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசப் பக்கத்திலிருந்து வந்த போஜ்புரிக்காரர்களின் பேரப்பிள்ளைகள். தமிழர், தெலுங்கர், மராத்தியர் எல்லாம் தனித்தனிக் கணக்கு. கோயிலும் சங்கமும் கூடத் தனி.

இது எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 1735இல் ஆளுநராக வந்த லாபூர்தொனே, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார், தச்சர்களைக் கூட்டி வந்து போர்ட் லூயிஸைக் கட்டினார். கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போஜ்புரிக்காரர்கள் பெருவாரியாக வந்தது அதற்கு நூறு வருடம் கழித்து. 1834 நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' கப்பலில் 36 பேர் வந்தார்கள். அடிமை முறை முடிவுக்கு வரவிருந்ததால் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. அதன் பிறகு ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் வந்தார்கள். அவர்கள் இறங்கி ஏறிய கல் படிகள் தலைநகர் போர்ட் லூயிஸில், 'ஆப்ரவாசி காட்' என்ற பழைய படித்துறையில் இன்னும் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை போய் நின்று பாருங்கள்.

அப்புறம், பர்சிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுங்கள். அதில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், தொழிற் கட்சியின் தமிழ்த் தலைவர்களில் ஒருவர். தொகை ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் இருக்கும். இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு சண்டையே உண்டு. 1998இல் வந்த புதுத் தாளில் இந்தி முன்னால் போய்த் தமிழ் பின்னால் தள்ளப்பட்டது. தமிழர்கள் கொதித்துப் போனார்கள். கடைசியில் அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே அச்சடித்தார்கள். வெளியூர்க்காரனுக்கு அற்ப விஷயமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, இங்கே சில வருடம் இருந்து பார்க்கும் வரை.

அரசியலில் மட்டும் கணக்கு வேறு. 1968 மார்ச் 12இல் விடுதலை. தேர்தலில் 62 பேரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு மேல் 'பெஸ்ட் லூசர்' என்று, தோற்றவர்களில் எந்தச் சமூகத்துக்கு இடம் குறைகிறதோ அதிலிருந்து 8 பேர் வரை உள்ளே வரலாம். அதற்கான பட்டியலில் இந்து, முஸ்லிம், சீனர், 'பொது மக்கள்' (மற்ற மூன்றிலும் சேராதவர்கள்) என்று நாலே பிரிவு. தமிழர் அங்கே இந்துதான்! கணக்குக்கு இன்னும் 1972 மக்கள்தொகைப் புள்ளிவிவரமே, ஏனென்றால் அதற்குப் பிறகு சமூகம் என்ன என்று கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே ஆபீசில், தேர்தல் நேரத்தில், சமூகக் கணக்கை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். 1999 பிப்ரவரியில் கிரியோல் (ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த சமூகம்) பாடகர் காயா போலீஸ் காவலில் இறந்தபோது கலவரத்தில் தீவே எரிந்தது, அது நினைவில்லாத நடுவயதுக்காரர் இங்கே யாரும் இல்லை. 'மல்பார்' என்ற சொல்லையும் வாயில் எடுக்காதீர்கள். பக்கத்து ரெயூனியன் தீவில் அது தமிழ் வம்சாவளியினருக்குச் சாதாரணப் பெயர், இங்கே வசவு.

பெயர்ப்பலகையில் 'மூத்தூ', 'ஆர்மூகும்' என்று பார்த்தால் முத்து, ஆறுமுகம் என்று படித்துக்கொள்ளுங்கள். சந்தோஷத்தில் தமிழில் கொட்டிவிடாதீர்கள், பெரும்பாலோருக்கு வணக்கத்தோடு தமிழ் முடிந்துவிடும், அப்புறம் கிரியோல் மொழிதான். தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. அன்று கோயிலில் வாழையிலையில் ஏழு கறிச் சோறு போடுவார்கள். சீக்கிரம் போங்கள், வரிசை நீளம்.