கேரமல் ஆப்பிள் குக்கீ ஏன் நமத்துப் போகிறது?

கேள்வி (குளச்சல்): வீட்டு ஓவனில் 175 டிகிரி செல்சியசில் 14 நிமிடம் சுட்ட கேரமல் ஆப்பிள் குக்கீகள், எடுக்கும்போது ஓரமெல்லாம் மொறுமொறுப்பாக இருந்தும், மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தால் ஒன்றோடொன்று ஒட்டி நமத்துக் கிடக்கின்றன. எங்கே பிழை?

பதில் (நாகர்கோவில்): ஆப்பிளில் ஏறத்தாழ 85 சதவீதம் நீர்தான் என்பதால், பொடியாக நறுக்கி, சிறிது வெண்ணெயில் ஈரம் வற்றும்வரை வதக்கி, நன்றாக ஆறிய பிறகே மாவில் சேருங்கள். கேரமலும் காற்றின் ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரைக் காற்றைச் சொல்லவே வேண்டாம். சூட்டோடு அடைத்தீர்களா?

கேட்டவர்: ஆம், வெதுவெதுப்பாக இருந்தபோதே மூடிவிட்டேன்.

பதில் (மார்த்தாண்டம்): அந்த ஆவிதான் மூடியில் வியர்த்துக் குக்கீயிலேயே இறங்கியிருக்கும். கம்பித்தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அடுக்குகளுக்கிடையே பட்டர் பேப்பர் வையுங்கள். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டும் பார்த்தேன்; மணம் அருமை, ஆனால் இன்னும் சீக்கிரம் இளகிவிடுகிறது.