பெண் கல்வி, வோட்டுரிமை: எங்கட நாட்டில பாடுபட்ட ஆக்கள் ஆர்?

உப்புவெளி_அம்மா:
மகள் 10ம் ஆண்டு, பேச்சுப்போட்டிக்கு "பெண் கல்வியும் சம உரிமையும்" எண்டு தலைப்பு குடுத்திருக்கினம். நெட்ல தேடினா பாரதியார், பெரியார், முத்துலட்சுமி ரெட்டி தான் திரும்பத் திரும்ப வருது. அவையள் பெரிய ஆக்கள்தான், ஆனா ஆரும் கேக்காமலே இலங்கையில எங்களுக்கு 1931ல வோட்டு வந்திருக்குமே? இஞ்சத்த ஆக்களைப் பற்றித் தெரிஞ்சா சொல்லுங்கோ, வியாழனுக்கு முதல் எழுதி முடிக்கோணும்.

ஓய்வு_டீச்சர்:
பிள்ளை, முதல்ல படிப்பையும் வோட்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதேங்கோ. 1824ல உடுவில்ல அமெரிக்க மிஷன் பொம்பிளைப் பிள்ளையளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் திறந்தது, நடத்தினது ஹரியட் வின்ஸ்லோ எண்டவ. தாய் தகப்பன் லேசில பிள்ளையை அனுப்பேல்ல, படிச்சு முடிச்சு கிறிஸ்தவப் பெடியனைக் கட்டினா மிஷனே சீதனம் குடுத்தது எண்டா பாருங்கோவன். படிச்ச மாப்பிள்ளைக்குப் படிச்ச பெண்சாதி வேணும், அண்டைக்கு எண்ணம் அவ்வளவுதான். பிறகு சைவ ஆக்களும் மிஷனிட்டயே விட்டாச் சரிவராதெண்டு இறங்கிச்சினம், 1913ல மருதனார்மடத்தில இராமநாதன் கல்லூரி, எங்கட ஊரில 1923ல சண்முகா பெண்கள் பள்ளிக்கூடம். சண்முகாவைத் தொடங்கினது தங்கம்மா சண்முகம்பிள்ளை எண்ட அம்மா, திருகோணமலைப் பிள்ளை அதைச் சொல்லாம மேடையால இறங்கக் கூடாது.

இனித்தான் விஷயமே. பெண்களுக்குக் கல்லூரி கட்டின அதே சேர் பொன்னம்பலம் இராமநாதன், அரசியல் சீர்திருத்தத்துக்கு பிரித்தானியா அனுப்பின டொனமூர் ஆணைக்குழு வந்த நேரம் பெண்களுக்கு வோட்டுக் குடுக்கக் கூடாதெண்டு எதிர்த்து நிண்டவர்! படிக்கலாம், ஆனா நாட்டு விஷயம் கதைக்கக் கூடாது.

கொட்டகலையான்:
நான் மலையகம், இப்ப வேலை திருகோணமலையில. டீச்சர் சொன்னது சரிங்க, வோட்டுக்கு நின்னது வேற ஆளுங்க. 1927ல பெண்கள் வாக்குரிமைச் சங்கம்னு தொடங்கினாங்க, அதுல முன்னுக்கு நின்னவங்க அக்னஸ் டி சில்வா. ஆணைக்குழுவுக்கு முன்னால போய் வோட்டு கேட்டப்ப டொனமூர் பிரபு, தோட்டத்து தமிழ் பொம்பளைங்களுக்குமா கேக்குறீங்கன்னு கேட்டிருக்காரு, அவங்களும் பொம்பளைங்கதானே, எல்லாருக்கும் வேணும்னு அந்தம்மா பதில் சொல்லியிருக்காங்க. கொழும்புல வசதியா இருந்த ஒருத்தங்க சொன்னது இது. ஆணைக்குழு 30 வயசுக்கு மேலன்னுதான் சிபாரிசு பண்ணுச்சு, கடைசியில ஆம்பளைக்கு மாதிரியே 21 ஆச்சு.

எங்க பக்கத்துல மீனாட்சியம்மாள் நடேசய்யரையும் சேருங்க, தோட்டக் கூட்டத்துல பாட்டாப் பாடியே தொழிற்சங்கத்துக்கு ஆள் சேத்தவங்க. இவ்வளவும் பண்ணி 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துல எங்காளுங்களுக்குக் குடியுரிமையே போச்சு, ஆம்பளை பொம்பளை வித்தியாசமில்லாம. அதுல மட்டும் சமத்துவம் 😏

உப்புவெளி_அம்மா:
அண்ணா, அந்த டொனமூர் கதை எனக்குத் தெரியவே தெரியாது. தமிழ்ப் பொம்பிளை ஆரும் சபைக்குப் போனவையோ?

ஓய்வு_டீச்சர்:
ஓம், நேசம் சரவணமுத்து, 1932ல கொழும்பு வடக்கு இடைத்தேர்தல்ல வெண்டு அரசாங்க சபைக்கு, அதான் அந்தக் காலத்துச் சட்டசபைக்குப் போனவ. புருஷன்ட பதவி போனதால வந்த இடைத்தேர்தல்தான், அதுக்காக அவவைக் குறைச்சு மதிக்காதேங்கோ.

கிண்ணியா_உம்மா:
எனக்கெண்டா வோட்ட விட 1945ல கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்விதான் பெரிசு. காசு கட்டிப் படிக்கணுமெண்டா எந்த வாப்பா மகனை நிப்பாட்டிப்போட்டு மகளை அனுப்புவார்? ஆனா படிச்சு டொக்டரானாலும் எங்கட 1951ம் ஆண்டு முஸ்லிம் விவாகச் சட்டத்தில கலியாணப் பதிவுக்குப் பொண்ணு கையெழுத்துப் போடத் தேவையில்ல, வலி எண்ட ஆம்பிளைப் பாதுகாவலர் போட்டாக் காணும், முஸ்லிம் விவாக வழக்கு விசாரிக்கிற காதி நீதவானாவும் பொம்பிள வரேலா. மாத்தச் சொல்லி எங்கட பொம்பிளையள் வருஷக்கணக்கா கேக்கிறாங்க, அதையும் ஒரு வரி போடுங்க.

உப்புவெளி_அம்மா:
எல்லாருக்கும் பெரிய நன்றி. அஞ்சு நிமிஷம்தான் தருவினம், தங்கம்மா அம்மாவில தொடங்கி அக்னஸ், மீனாட்சியம்மாள் எண்டு போகலாம், கிண்ணியா அக்கா சொன்னது கடைசியில. இராமநாதன் கதையை வெட்டச் சொல்லி ஸ்கூல்ல சொல்லுவினமெண்டு நினைக்கிறன், மகள் இப்பவே மாட்டனெண்டு நிக்கிறாள்.