கலைச்சொல் தேவை: ‘கன்ஃபர்மேஷன் பயஸ்’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்காக அறிவியல் முறையியல் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘கன்ஃபர்மேஷன் பயஸ்’ வரும் இடத்தில் நின்றுவிட்டேன். ‘உறுதிப்படுத்தல் சார்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். “சார்பு இருப்பதை உறுதி செய்வதா?” என்று கேட்டாள் ஒரு மாணவி. இன்னொருவன் கணிதத்தில் வரும் சார்பு என்றே எண்ணிக்கொண்டான்.

பொருள் இதுதான். 1960இல் உளவியலாளர் பீட்டர் வேசன் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, அவை அடங்கும் விதியைக் கண்டறியச் சொன்னார். வேறு மூன்று எண்களைச் சொல்லி, அவை விதிக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளலாம். இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று எண்ணிய பலர் 8, 10, 12 போன்றவற்றையே கேட்டார்கள். உண்மையான விதி ‘ஏறுவரிசை’, அவ்வளவுதான். 1, 2, 3 பொருந்துமா என்று ஒருமுறை கேட்டிருந்தால் அவர்களுடைய எண்ணம் உடைந்திருக்கும். தன் எண்ணத்தை உடைக்கக்கூடிய கேள்வியை மனம் ஒதுக்கிவிடும் இந்த இயல்புக்கு ஒரு பெயர் வேண்டும்.

மறுமொழி 1

அம்மா, சொல் நம்மிடம் ஆயத்தமாகவே இருக்கிறது. ‘சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்’ (குறள் 119). பயஸ் என்பது உட்கோட்டம், அதாவது உள்ளத்தின் வளைவு. கோடுதல் என்றால் வளைதல். கோணல், கொடுங்கோல், கொடுமை எல்லாம் அதே குடும்பம். ஆங்கிலச் சொல்லும் சாய்வைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஒரு பக்கமாக வளைந்து உருளும் பந்தைப் பற்றிய விளையாட்டில் அது வெகுகாலம் வழங்கியிருக்கிறது. இரு மொழிகளும் ஒரே உருவகத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. இந்தக் குறளில் ‘ஒருதலையா’ என்பதற்கு ‘உறுதியாக’ என்று பொருள். இன்றோ ஒருதலை என்றால் ஒருபக்கம். உறுதிக்கும் ஒருபக்கத்துக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது! ‘ஒருதலைக்கோட்டம்’ என்றால் கன்ஃபர்மேஷனும் பயஸும் ஒருங்கே அடங்கிவிடும்.

மறுமொழி 2

ஐயா, உங்கள் புலமைக்கு வணக்கம். ஆனால் நான் இருபது ஆண்டுகளாகப் புள்ளியியல் கற்பிப்பவன். கோட்டம் என்றால் என் மாணவர்களுக்கு ரயில்வே கோட்டம்தான் நினைவுக்கு வரும். உரையாசிரியர் துணையில்லாமல் புரியாத சொல் கையேட்டுக்கு ஆகாது. ‘முன்முடிவுச் சாய்வு’ என்று வையுங்கள். படித்த உடனே விளங்கும்.

மறுமொழி 3

இருவரும் என்னைப் பொறுத்தருள வேண்டும். புள்ளியியல் ஐயா சொல்லும் ‘சாய்வு’, நேர்கோட்டின் சாய்வாக அவருடைய பாடத்திலேயே ஏற்கெனவே இருக்கிறதே? மதிப்பிட்ட சாய்வில் உள்ள சாய்வு என்றா எழுதுவது?

நன்னூல் பாயிரம் இந்த இடத்துக்கு நேராக உதவுகிறது: ‘மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும்நூல் அஃதேபோல் மாந்தர் மனக்கோட்டம் தீர்க்கும்நூல் மாண்பு.’ மனக்கோட்டம்! கோட்டத்துக்கு முன்னால் ‘மனம்’ நிற்பதால் ரயில்வேக் குழப்பமும் இல்லை. வேர் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே பாயிரத்தில் வரும் ‘கோடல் மரபு’ கொள் என்ற வினையிலிருந்து வந்தது. பாடத்தை மனத்தில் கொள்ளும் முறை என்பது பொருள். மணிமேகலை அளவைப் போலிகளுள் ஒன்றாகச் சொல்லும் ‘திரியக் கோட’லும் ஒன்றை வேறொன்றாகக் கொள்ளுதலே, வளைதல் அன்று. கொள்வதும் கோணுவதும் ஒரே ஒலியில் வந்து முடிவதை நான் ஆண்டுக்கணக்கில் வியந்துகொண்டிருக்கிறேன். அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

என்னை இழுப்பது அந்த உவமை. தச்சர் மரத்தின் மேல் நூல் பிடிக்கிறார். நூல் மரத்தை நிமிர்த்துவதில்லை. கோணல் எங்கே என்று காட்டுகிறது, பிறகு இழைக்க வேண்டும். நூல் மரத்துக்கு வெளியே இருப்பதால்தான் அது காட்ட முடிகிறது. 1903இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பிளாண்லோ ‘N-கதிர்கள்’ என்ற புதிய கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். அவர் பொய்யர் அல்லர். மற்றவர்களும் கண்டதாகச் சொன்னார்கள். 1904இல் அவருடைய ஆய்வகத்துக்கு வந்த அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், கதிர்களைப் பிரித்துக் காட்டுவதற்காகக் கருவியிலிருந்த பட்டகத்தை இருட்டில் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். அதன் பிறகும் அளவீடுகள் முன்போலவே வந்தன. பிளாண்லோவின் கண்ணால் அந்தக் கோணலைக் கண்டிருக்க முடியாது. வுட்தான் நூல்.

மறுமொழி 4

உவமை அழகாக இருக்கிறது, அதுதான் என் அச்சமும். ‘தீர்க்கும் நூல்’ என்றால் மனக்கோட்டம் தீர்ந்துவிடும் என்று மாணவன் நம்புவான். பயஸைப் பற்றி நன்கு படித்தவர்களும் அதற்குத் தப்புவதில்லை. மருந்து உண்டு என்று ஒரு பெயர் வாக்களிக்கக் கூடாது.

மறுமொழி 5

வள்ளுவர் வாக்களிக்கவில்லை, ஐயா. ‘உட்கோட்டம் இன்மை பெறின்’ என்று நிபந்தனை போட்டுத்தான் சொல்கிறார்.

மறுமொழி 6

அனைவருக்கும் நன்றி. புதன்கிழமை ஆகிவிட்டது. ஒரு வேண்டுகோள். தன் முடிவுக்கு எதிரான செய்தி கண்ணில் பட்டால் உடனே குறித்துவைப்பதை டார்வின் ஒரு விதியாகவே கைக்கொண்டார். சாதகமானவற்றைவிட அவை விரைவாக மறந்துபோகின்றன என்று தன் அனுபவத்தில் கண்டிருந்தார். நீங்கள் ஒவ்வொருவரும் முன்வைத்த சொல்லின் குறை ஒன்றை நீங்களே எழுதுங்கள். பிறர் சொல்லின் குறைகள் போதுமான அளவு வந்துவிட்டன.

மறுமொழி 7

ஒருதலை என்றதும் இன்றைய இளைஞருக்கு ஒருதலைக் காதல்தான் தோன்றும். ‘உறுதி’ என்ற பொருளை எடுத்துச் சொல்ல ஒவ்வொரு முறையும் நான் அருகில் இருக்க முடியாது. ஒருதலைக்கோட்டத்தை விட்டுவிடுகிறேன். மனம் வருந்தித்தான் விடுகிறேன்.

மறுமொழி 8

முன்முடிவு என்றால் முடிவு செய்தாகிவிட்டது என்று பொருள். வேசன் சோதித்தவர்களிடம் இருந்தது ஓர் ஊகம் மட்டுமே. இந்தக் குறையை ஏற்கிறேன். ஆனாலும் என் சொல்லே மாணவனுக்கு எளிது.

மறுமொழி 9

என் சொல்லில் உள்ள குறை: பாட்டு தெரியாதவருக்கு மனக்கோட்டம் வஞ்சகம், கெட்ட எண்ணம் போலக் கேட்கும். பிளாண்லோ போன்ற நேர்மையாளரை அது இழிவுபடுத்திவிடக்கூடும். இதற்கு என்னிடம் விடை இல்லை.

மறுமொழி 10

வியாழன் இரவு. பயஸ் – மனக்கோட்டம். கன்ஃபர்மேஷன் பயஸ் – ‘இசைவு தேடும் மனக்கோட்டம்’. தனி மடல்களையும் சேர்த்து நால்வர் சரி என்றீர்கள், இருவர் மறுத்தீர்கள். நீளம்தான், ஆனால் யார் எதைத் தேடுகிறார் என்பது பெயரிலேயே இருக்கிறது. ‘இது நேர்மையின்மை அன்று’ என்ற வரியை முதல் பத்தியிலேயே சேர்த்துவிட்டேன்.

மறுமொழி 11

கோட்டத்திலிருந்து ‘கோடாத மதிப்பீடு’ (பயஸ் இல்லாத மதிப்பீடு) என்பதை மட்டும் என் புள்ளியியல் வகுப்புக்கு எடுத்துக்கொள்கிறேன், அது நன்றாக இருக்கிறது. மற்றபடி நான் சாய்வு என்றே சொல்லி வருவேன். அடுத்த பதிப்புக்கு முன் இரண்டு சொற்களையும் மாணவர்களிடம் கொடுத்துக் கேளுங்கள், அம்மா. எந்தச் சொல் யாருடையது என்று அவர்களிடம் சொல்லாதீர்கள்.