லெ மான்ஸ்: ஓட்டத்துக்கு முன்னால் வரும் நேரங்களை வைத்து எந்தக் கார் வேகம் என்று சொல்ல முடியுமா?

திருப்பூர்_ராத்திரிஷிப்ட்:

அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம். பிரான்ஸில் நடக்கிற லெ மான்ஸ் 24 மணி நேரக் கார் ஓட்டம் நமக்குச் சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்குத் தொடங்குமல்லவா, எங்கள் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் ஒட்டுக்கா உட்கார்ந்து பார்ப்போம், யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்லணும், தப்பாகச் சொன்னவர் புரோட்டா வாங்கித் தரணும். இதில் ஆளுக்கொரு கணக்கு. ஒருத்தர் டெஸ்ட் நாள் பட்டியலில் முதலில் இருக்கிற காரைச் சொல்கிறார், இன்னொருத்தர் ஹைப்பர்போல் (கிளம்பும் வரிசையில் முன்னிடங்களை முடிவு செய்கிற தகுதிச் சுற்று) முடிகிற வரை வாயே திறக்க மாட்டார்.

ஆனால் 2025-ல் ஹைப்பர்போலில் முன்வரிசை இரண்டு இடமும் காடிலாக்குக்குத்தான், அலெக்ஸ் லின் 3:23.166 போட்டார். ஓட்டம் முடிந்து பார்த்தால் முதல் மூன்றில் ஒரு காடிலாக்கும் இல்லை, கோப்பை 83-ஆம் எண் ஃபெராரிக்குப் போனது. 2024-லும் 'போல்' என்கிற முதல் கிளம்பும் இடம் போர்ஷேவுக்கு, வெற்றி ஃபெராரிக்கு. அப்படியென்றால் அந்த ஒரு வாரம் முழுக்கக் கொட்டுகிற எண்களெல்லாம் சும்மாதானுங்களா? எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது? எல்லாவற்றிலும் வேகமான ஹைப்பர்கார் பிரிவு மட்டும் போதும், மெதுவான பிரிவுகளான எல்.எம்.பி.2, ஜி.டி.3 பற்றி இப்போதைக்கு வேண்டாம்.

பீளமேடு_லேத்:

தம்பி, முதலில் டெஸ்ட் நாள் பட்டியலை மூடி வைங்க. அந்த டிராக் ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி வருஷம் முழுக்க லாரியும் காரும் போய்வருகிற ஊர் ரோடு. ஓட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அதில் ரப்பர் படிந்திருக்காது, புழுதி வேறு. காலையில் ஓட்டின காருக்கும் பொழுதோட ஓட்டின காருக்கும் டிராக்கே வேறு மாதிரி இருக்கும். அதோடு அன்றைக்கு ஒவ்வொரு டீமுக்கும் ஒவ்வொரு வேலை. ஒருத்தர் பிரேக் பார்ப்பார், ஒருத்தர் முழு டேங்கில் டயர் எத்தனை சுற்று தாங்குகிறது என்று பார்ப்பார், ஒருத்தர் புது டிரைவருக்கு டிராக்கைப் பழக்குவார். எல்லாரும் ஒரே வேலையைச் செய்யாதபோது பட்டியலில் முதலிடம் என்றால் என்ன அர்த்தம்?

இன்னொன்று பி.ஓ.பி., அதாவது பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ். எந்தக் கார் எவ்வளவு எடை, எவ்வளவு பவர், ஒரு ஸ்டின்ட்டுக்கு (பிட்டில் நின்று கிளம்பி அடுத்து உள்ளே வருகிற வரை ஓடுவது) எவ்வளவு எனர்ஜி என்பதை ஓட்டத்தை நடத்துகிறவர்களே முடிவு செய்கிறார்கள். 2023-ல் லெ மான்ஸுக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24 கிலோ ஏற்றினார்கள். இப்படியொரு விதி தலைக்கு மேல் தொங்கும்போது யாராவது கையில் இருப்பதையெல்லாம் முதல் நாளே காட்டுவார்களா? டீம்காரர்கள் பேட்டியில் சொல்வார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம், பி.ஓ.பி. பற்றி வெளியே பேச அவர்களுக்குத் தடை இருக்கிறது.

நான் பார்ப்பது புதன், வியாழன் ராத்திரிப் பயிற்சியை. நமக்கு அது நடுராத்திரிக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கும், விழித்துப் பார்க்க வேண்டியதில்லை, காலையில் சுற்று நேரங்கள் இருக்கிற கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். ஒரே டிரைவர் பிட்டுக்குள் வராமல் எட்டு, பத்து சுற்று தொடர்ந்து ஓட்டியிருக்கிறாரா என்று தேடுங்க. ஹைப்பர்காருக்கு ஒரு ஸ்டின்ட் என்பது பன்னிரண்டு பதிமூன்று சுற்று, அதில் முக்கால்வாசியாவது இருக்கணும். பிட்டிலிருந்து கிளம்பின சுற்றையும் உள்ளே வந்த சுற்றையும் தள்ளிவிட்டு, மஞ்சள் கொடியில் (ஆபத்து என்று வேகத்தைக் குறைக்கச் சொல்வது) போனதையும் தள்ளிவிட்டு, மிச்சத்தை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் இருக்கும் நேரத்தை எடுங்க. சராசரி வேண்டாம், ஜி.டி.3 காருக்குப் பின்னால் ஒரு தடவை மாட்டினாலே சராசரி கெட்டுப்போகும். அடுத்த காருக்கும் அதே ராத்திரி, அதே மணி நேரத்தில் ஓடினதை மட்டும் ஒப்பிடணும்.

ஒற்றைச் சுற்று வேகத்துக்கு 2017-ஐப் பாருங்க. கோபயாஷி டொயோட்டாவில் 3:14.791 ஓட்டினார், இன்றைக்கும் அதைத் தொட்டவர் இல்லை. அந்தக் கார் ராத்திரியே நின்றுபோனது. ஜெயித்த போர்ஷே ஒரு மணி நேரத்துக்கு மேல் கராஜில் பிரித்துப் போட்டிருந்த கார்!

செட்டிபாளையம்_கர்ப்:

லேத் அண்ணன் சொல்வதெல்லாம் சரி, டிரைவரை மட்டும் விட்டுட்டார். நான் கரி ஸ்பீட்வேயில் ஃபார்முலா கார் கொஞ்ச காலம் ஓட்டியவன். அங்கே சுற்று ரெண்டு கிலோமீட்டர் சொச்சம், ஒரு பயிற்சியில் நிறையச் சுற்று கிடைக்கும், எது அதிர்ஷ்டம் எது வேகம் என்று தானாகவே தெரிந்துவிடும். லெ மான்ஸில் சுற்றுக்கு மூன்றரை நிமிஷம். ரெண்டு மணி நேரப் பயிற்சியில் நிற்காமல் ஓடினாலும் முப்பத்துச் சொச்சம், அதையும் மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளணும். ஆளுக்குக் கிடைப்பது ஒரு ஸ்டின்ட்கூட இல்லை. அதை வைத்து இவர் வேகம், அவர் மெதுவு என்று அடித்துச் சொல்ல முடியாது.

போலுக்குப் போகிறவர் மூவரில் வேகமானவர். ஓட்டத்திலோ மூவரும் உட்காரணும். அதனால் ஒவ்வொரு காரிலும் மூன்றாவது ஆளின் நேரத்தைத் தனியாகப் பாருங்க, கோப்பை கைமாறுவது பெரும்பாலும் அங்கேதான். ஒரு ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் கதையே இருக்கு. 2009-ல் கோலஸ் டீமின் ஆடி ஆர்10 காரில் ஓட்ட வேண்டியவர், ஓட்டம் தொடங்குவதற்கு முன் பிட் சுவரைத் தாண்டும்போது தோள் இறங்கிவிட்டது. மற்ற இருவரும் 24 மணி நேரத்தையும் தாங்களே ஓட்டி ஏழாவதாக வந்தார்கள். அதில் ஒருத்தர் லோட்டரர், பிற்பாடு மூன்று தடவை ஜெயித்தவர். இது எந்தப் பட்டியலிலும் முன்கூட்டித் தெரிகிற விஷயமா?

அப்புறம், பிட்டிலிருந்து கிளம்பின சுற்றைத் தள்ளச் சொன்னீங்களே அண்ணா, நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். டயரைச் சூடேற்றிக் கொடுக்கிற வேலை 2024 முதல் அங்கே கிடையாது. ராத்திரிக் குளிரில் குளிர்ந்த டயரோடு கிளம்புகிற காரில் ரெண்டு மூன்று வினாடி போவதும் உண்டு, அடுத்த சுற்றிலும் தடுமாறுகிற கார் உண்டு. ஸ்டியரிங் திருப்பினால் மூக்கு திரும்பாது, முன்டயர் சூடாகிற வரை பொறுத்துக்கொண்டே ஓட்டணும், அந்த நேரத்தில் பின்னால் வருகிறவன் முந்திப் போய்விடுவான். ஓட்டம் முழுக்க எத்தனை தடவை டயர் மாற்றுகிறார்கள் என்று பெருக்கிப் பாருங்க.

ஈரோடு_மஞ்சள்கொடி:

எல்லாரும் ஹைப்பர்போலை ஒரேயடியாகத் தூக்கி எறிய வேண்டாம். வியாழன் சாயங்காலம் ரோடு காலி, டயர் புதுசு, எரிபொருள் குறைவு, ராத்திரி ரெண்டு மணிக்கு அவினாசி ரோட்டில் பீளமேட்டிலிருந்து காந்திபுரம் வருகிற மாதிரிதான். சரி. ஆனால் வாரம் முழுக்கக் காரின் உச்ச வேகம் என்ன என்று அதற்குத் தகுதி பெற்ற எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே நிலையில் காட்டுவது அந்த ஒரு இடத்தில்தான். மொத்த நேரத்தை விட்டுவிட்டு செக்டாரை, அதாவது சுற்றை மூன்றாகப் பிரித்த துண்டு நேரங்களைப் பாருங்க. நடு செக்டார் பெரும்பாலும் முல்சான் நேர்ரோடு, அங்கே வேகமாக இருக்கிற கார் ஓட்டத்தில் மெதுவான கார்களைச் சிரமமில்லாமல் தாண்டும். கடைசி செக்டாரில் போர்ஷே வளைவுகள், அங்கே வேகமான கார் டயரை அரைக்காமல் வைத்திருக்கும் என்பது என் அனுபவம், எப்போதும் இல்லை, அதிகமாக. டாப் ஸ்பீடு பட்டியலை மட்டும் அப்படியே நம்பாதீங்க, முன்னால் போகிற காரின் காற்று நிழலில் ஒட்டிக்கொண்டு போனால் யாருக்கும் எண் கூடத்தான் செய்யும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. 2025-ல் முதல் காருக்கும் ரெண்டாவது காருக்கும் வித்தியாசம் 14.084 வினாடி, மொத்தம் 387 சுற்று. வகுத்துப் பாருங்க, சுற்றுக்கு 0.04 வினாடிகூட வராது. அந்த ரெண்டாவது போர்ஷே ஹைப்பர்கார் கூட்டத்தில் கடைசியில் இருந்து கிளம்பியது. 2024-லும் அதே கதை, 23-ஆவதாகக் கிளம்பின டொயோட்டா ரெண்டாவதாக வந்தது, வித்தியாசம் 14.221. நாம் பயிற்சி நேரத்தில் எடுக்கிற கணக்கில் இருக்கிற பிழையே அதைவிட எச்சா. அதனால் ஜெயிக்கிற காரை இந்த எண்களிலிருந்து எடுக்கவே முடியாது. எடுக்கக்கூடியது ஒரு கூட்டம்: இந்த ஆறு ஏழு கார் அரை வினாடிக்குள் இருக்கு, மிச்சமெல்லாம் வெளியே. அதற்கு மேல் பிட்டில் வீணாகிற நேரம், தண்டனை, யார் மண்ணுக்குள் போகிறார் என்பதெல்லாம்தான். 2023-ல் டொயோட்டா ஃபெராரியை விரட்டிக்கொண்டிருந்தபோது டொயோட்டா டிரைவர் ஹிராகவா ஆர்னாஜ் வளைவில் சுழன்றாரே, அதை எந்த நடுநேரம் சொல்லும்?

திருப்பூர்_ராத்திரிஷிப்ட்:

அருமைங்கண்ணா. அப்ப காரைச் சொல்லாமல் கூட்டத்தைச் சொல்கிற மாதிரி எங்க விதியை மாத்தணும் போல. ஒரே ஒரு சந்தேகம், டிராஃபிக்கில் மாட்டின சுற்று எது என்று கோப்பைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்தக் கோப்பு எங்கே கிடைக்கும்?

பீளமேடு_லேத்:

டைமிங் பார்க்கிற அல் கமெல் தளத்தில் ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் போட்டுவிடுவார்கள், காசு கிடையாது. சுற்றுக்கு ஒரு வரி, அதில் கார் எண், டிரைவர் பெயர், மூன்று செக்டார் நேரம், டாப் ஸ்பீடு எல்லாம் தனித்தனிக் கட்டத்தில் இருக்கும். பிட்டுக்குள் வந்த சுற்றுக்குப் பக்கத்தில் 'பி' (B) என்று குறி இருக்கும். கொடிக்கும் ஒரு கட்டம் உண்டு, பச்சை இல்லாததை முதலில் நீக்குங்க. அப்புறம் ஒரு சுற்றில் ஒரே ஒரு செக்டார் மட்டும் ஒன்று ரெண்டு வினாடி தூக்கிக்கொண்டு, மற்ற ரெண்டும் வழக்கம்போல இருந்தால் அது டிராஃபிக். மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் டயர் தேய்வு, அதை நீக்கக் கூடாது, நாம் தேடுவதே அதைத்தான்.

டிராஃபிக் சுற்றை முழுக்க நீக்குவதா என்பதில் எனக்கே ரெண்டு மனசு. ஓட்டத்தில் அறுபதுக்கு மேற்பட்ட கார்கள், காலி ரோடு என்பதே கிடையாது. நான் ரெண்டு விதமாகவும் போட்டு, ரெண்டிலும் முன்னால் நிற்கிற காரைத்தான் எடுத்துக்கொள்வேன்.

செட்டிபாளையம்_கர்ப்:

கிளம்பின சுற்றைப் பார்க்கிறதுக்கும் ஒரு வழி சொல்லிடறேன் தம்பி. 'பி' குறி உள்ள வரிக்கு அடுத்த வரிதான் அது, மொத்த நேரத்தைப் பார்த்துப் பயந்துடாதீங்க, கராஜில் நின்ற நிமிஷமெல்லாம் அதில் சேர்ந்திருக்கும். நடு செக்டாரையும் கடைசி செக்டாரையும் மட்டும் எடுத்து, அதே டிரைவர் அதற்கு மூன்று சுற்று தள்ளி ஓட்டினதோடு கழிங்க. ராத்திரிப் பயிற்சிக்கு மட்டும்தான் செய்யணும், பகல் கோப்பில் செய்தால் எல்லாக் காரும் நல்ல கார் மாதிரிதான் தெரியும்.

ஈரோடு_மஞ்சள்கொடி:

மழை வந்தால் ராத்திரிக் கோப்பையும் நம்பிக்கிட்டு இருக்க வேண்டாம். 2024-ல் மழையும், எல்லாரையும் மெதுவாகத் தன் பின்னால் வரவைக்கிற சேஃப்டி காரும் சேர்ந்து மொத்தமே 311 சுற்றுதான் ஓடினார்கள்.