தை மாதக் கடலும் சித்திரைக் கடலும்: நம் கரையில் குளித்தவர்கள் எழுதுங்கள்

பரமக்குடியிலிருந்து:

தை அமாவாசை, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம். விடிவதற்கு முந்தைய கூட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அண்ணன் மகளைக் கையைப் பிடித்து இறக்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. "சித்தப்பா, இன்னொரு முங்கு" என்று அவளே கேட்டாள். கரையேறியதும்தான் வினை. ஈரப் பாவாடையோடு 22 தீர்த்தமும் ஆட வரிசையில் நின்றோம். வாடைக்காற்று வீசியது. பிள்ளைக்குப் பல் கிட்டிக்கொண்டது, உதடு நீலம் பாரித்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா பையிலிருந்த உலர்ந்த சேலையை எடுத்துச் சுற்றிவிட்டார். அந்த உதடு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கடலுக்குள் நன்றாக இருந்தவளுக்கு வெளியே வந்ததும் ஏன் அப்படி ஆனது?

சின்னப்பாலத்திலிருந்து:

நீங்கள் குளிரைச் சொல்கிறீர்கள், எனக்கு மறக்காதது சூடு. 2016 கோடை. கடல்பாசி எடுக்கும் சித்தியோடு போயிருந்தேன். கண்ணாடி மாட்டி முங்கினால், பழுப்பும் பச்சையுமாக இருக்கும் பவளப்பாறை முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்துக் கிடந்தது. விரலில் துணி சுற்றிய கையால் சித்தி ஒரு கிளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மேலே வந்து, "ஏண்டி, இது செத்துப்போச்சா?" என்றார். அன்று யாரும் சித்திக்குப் பதில் சொல்லவில்லை. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால், பவளம் தனக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். அதற்கு நிறமும் சாப்பாடும் அந்தப் பாசிதான். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லையென்றால் சாகும். 2010-லும் இப்படித்தான் வெளுத்தது. நமக்குக் குளிக்க இதமான தண்ணீர் அதற்குக் காய்ச்சல் என்பதை யாரும் பேசுவதில்லை.

பாம்பனிலிருந்து:

பரமக்குடி அண்ணே, அது கடல் செய்த வேலை இல்லை, காற்று செய்தது. தையில்கூட நம் கடல் 25, 26 டிகிரிக்குக் கீழே லேசில் இறங்காது. விடியற்காலைக் காற்று அதைவிடக் குளிர்ச்சி. ஈரத்துணியில் அது பட்டால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். 22 தீர்த்தமும் முடியும் வரை துணி மாற்றக் கூடாது என்பார்கள். பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், பிள்ளைகளுக்கு உடனே மாற்றிவிடுங்கள்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் தண்ணீர் எத்தனை டிகிரி என்றுதான் கேட்கிறார்கள், என்ன காற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக் காலம், வடகடல் (பாக் விரிகுடா) கலங்கி அடிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) படிந்திருக்கும். வைகாசிக்கு மேல் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பினால் தலைகீழ். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாலே புரியும். இரண்டுக்கும் நடுவில் காற்று ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரைதான் நீந்த நல்லது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு மிஹிர் சென் நீந்தியது 1966 ஏப்ரல், ஜியா ராய் நீந்தியது 2022 மார்ச். தனுஷ்கோடிக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் மட்டும் எந்த மாதமும் இறங்காதீர்கள். இரண்டு கடலும் சேரும் இடம், மேலே ஒன்றும் தெரியாது, அடியில் இழுக்கும். அப்புறம் சொறி (ஜெல்லிமீன்) பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீரிலேயே அலசிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மண்டபத்திலிருந்து:

பாம்பன்காரர் சொல்வது சரி, ஆனால் காற்றை மட்டும் நம்பி இறங்க முடியாது. 2019 செப்டம்பர், குந்துகால் பக்கம். காற்று குறைவு, அலை இல்லை, இறங்கிவிடலாம் என்றுதான் தோன்றியது. இடுப்பளவு போனபோது தண்ணீர் பச்சையாகக் கொழகொழத்தது. பூங்கோரை என்று நாங்கள் சொல்லும் பாசி. முழங்கையில் ஏதோ இடித்தது. ஒரு ஓரா மீன், செவுள் விரிந்து, வாய் பிளந்து செத்து மிதந்தது. திரும்பிப் பார்த்தால் கரையோரம் நெடுகச் செத்த மீன். அந்தப் பாசி கடலில் பெருகினால் தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்து மீன் மூச்சுமுட்டிப் போகும். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளித்தும் நாற்றம் சீக்கிரம் போகவில்லை, அன்றைக்கு மீன் குழம்பும் இறங்கவில்லை. இந்த வருடம் யாராவது அந்தப் பச்சையைப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் எந்த ஊர்க் கரை, எந்த நாள் என்று எழுதுங்கள்.