ஏற்காடு மலையேற்ற ஓட்டத்துக்கு ஜவ்வரிசி உருண்டை: இறுகாமல் இருக்க வழி உண்டா?

வணக்கம். 90 நிமிடத்தைத் தாண்டும் ஓட்டத்துக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். கடலை மிட்டாய் ஏற்றத்தில் சரிப்படாது. கொழுப்பு செரிக்க நேரமாகும், வயிறு புரட்டும் (ஓடி முடித்தபின் தாராளமாகத் தின்னலாம்). ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்தில் இருந்துகொண்டு, ஓடும்போது உறிஞ்சும் இனிப்பு ஜெல் பாக்கெட் எதற்கு?

50 கிராம் ஜவ்வரிசியை ஊறவைத்து, நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும்வரை வேகவிட வேண்டும். அரைவேக்காடு வயிற்றை உப்ப வைக்கும். 20 கிராம் வெல்லம், இரண்டு சிட்டிகை உப்பு சேர்த்தால் ஆறு உருண்டை. ஒன்றில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து. கால் மணிக்கு ஒன்று, கூடவே இரண்டு மடக்குத் தண்ணீர்.

சிக்கல் இதுதான்: ஆறியதும் மாவு இறுகி ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. நெய் விட்டால் இளகும், ஆனால் மறுபடி கொழுப்பு. வாழைப்பழம் பிசைந்து பார்த்தவர்கள் உண்டா? எவ்வளவு? சுற்றுவதற்கு வாழையிலையா, பட்டர் பேப்பரா?

இன்னொன்று. 20 கொண்டை ஊசி வளைவையும் மொத்தமாக நினைத்தால் மனசு விட்டுப்போகும். இரண்டு வளைவுக்கு ஓர் இலக்கு, பிறகு 30 காலடி நடை என்று பிரிக்கலாம். துணையில்லாமல் ஏறுபவர்கள் பாதி வழியில் மனசை எப்படிப் பிடித்து நிறுத்துகிறீர்கள்?